ஈர வேட்டியில் ஓர் அடுப்படி

"ஒங்க வீட்டுக் கம்ப்யூட்டர் எங்க வீட்டு வேட்டியில ஓடுதுக்கா, அதை நிறுத்தப் போறீகளா, இல்ல நான் அசோசியேஷன்ல சொல்லட்டுமா?" என்று முதல் மாடி சண்முகவடிவு வாசற்படியில் நின்று மறுபடியும் கேட்டபோது, யூஜினா சாளை மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாளே தவிர, தலையை நிமிர்த்தவில்லை.

"தாராளமாச் சொல்லு. செக்ரட்டரி எங்க வீட்டுக்காரர்தானே. அவர்கிட்ட சொல்லி ஒரு காரியம் நடந்துச்சுன்னா எனக்கும் வந்து சொல்லு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நானும் பாக்குதேன்."

"வேட்டி எங்களுதுக்கா."

"கம்ப்யூட்டர் எங்களுது. ஒன் வேட்டிய மொட்டமாடியில கொண்டுபோய்க் காயப்போட்டது யாரு?"

"பின்ன, ஈரத்தோடயா கட்டிக்கிட்டுப் போவாவ?"

அப்படியும் ஒரு நாள் போயிருந்தார். சண்முகவடிவின் புருஷன் அவசரமாக ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பி, பாதிதான் காய்ந்திருந்த வேட்டியைக் கொடியிலிருந்து உருவிக் கட்டிக்கொண்டு போய்ப் பந்தியில் உட்கார, அவர் வலது தொடையில் ஒரு ஜன்னலும் இடது தொடையில் ஒரு கேஸ் அடுப்பும் தெரிந்து, முழங்கால் பக்கம் ஒரு வெள்ளை அம்புக்குறி இங்குமங்கும் அலைந்ததைப் பார்த்த பெண்வீட்டார், இந்தக் கரை எந்தக் கடையில் கிடைக்கும் என்றுதான் கேட்டார்களாம். ரசம் வருவதற்குள் வேட்டி காய்ந்துவிட்டது; அடுப்பும் போய்விட்டது. சண்முகவடிவுக்குக் கோபம், படம் தெரிந்ததற்கு அல்ல. அந்தக் கூட்டத்தில் எல்லோரும் அடுப்பைப் பார்த்து, அது கொஞ்சம் பழைய மாடல் என்று சொன்னதற்கு.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகும் வழியில், உப்புக்காற்று நேராக வந்து மோதுகிற இடத்தில் கட்டிய மிக்கேல் காலனி அடுக்குமாடியில் இது இப்படித்தான் ஆரம்பித்தது: யூஜினாவின் ஒரே மகள் ரெனிட்டா, பேங்க் பரீட்சை எழுதச் சொன்னால் எழுதாமல், கம்ப்யூட்டரில் படம் வரைந்து அதை நடமாடவைக்கிற வித்தையைக் கற்றுக்கொண்டு, ஹைதராபாத்தில் ஒரு கம்பெனி அவளைச் சோதித்துப் பார்க்கச் சம்மதித்து, ஓர் அறையையும் அதில் ஒரு மனுஷியையும் வரைந்து சவேரியார் திருநாளுக்குள் அனுப்பு, பிடித்தால் வேலை, பிடிக்காவிட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிட, பழைய மடிக்கணினி அதற்குத் தாங்காது என்று, ஒவ்வோர் உறுப்பாக வரவழைத்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, திருப்புளியும் கையுமாகத் தானே ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டினாள். அது முடிகிறவரை வீட்டில் எல்லோரும் மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டார்கள். யூஜினா ஒவ்வொரு வேளையும் அதைச் சொல்லிக்காட்டினாள்.

பூட்டி முடித்து, அதற்குள் யூஜினா தைத்து வைத்திருந்த உறையையும் மாட்டி, ஸ்விட்சைப் போட்டதும் விசிறிகள் சுழன்றன. உள்ளே சிவப்பும் நீலமும் பச்சையுமாகக் கோயில் கொடைப் பந்தல் மாதிரி விளக்குகள் எரிந்தன. மானிட்டர் மட்டும் கருகருவென்று இருந்தது. அதன் நடுவில் ஒரு சிறு பெட்டி மிதந்து, சிக்னல் இல்லை என்று இங்கிலீஷில் சொன்னது.

"இதைச் சொல்லவா இத்தனை பாடு?" என்றாள் யூஜினா. "ஒங்கப்பா ஓசியிலயே சொல்லுவாரே."

கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தாவாக இருக்கும் கஸ்பார் அதைக் கேட்டும் கேளாதவர்போலப் பேப்பரைத் திருப்பினார். ரெனிட்டா எப்போதும் பேசமாட்டாள். காதில் ஹெட்போன், கேட்டால் "ம்", இரண்டாம் முறை கேட்டால் "என்னம்மா", அதற்குமேல் கேட்டால் கதவு. மெமரியைக் கழற்றி அதன் தங்கப் பற்களை அழிரப்பரால் தேய்த்து, கிளிக் என்று சத்தம் வரும்வரை மறுபடி அழுத்தினாள். வட்டக் காசு மாதிரி இருந்த பேட்டரியை எடுத்து, கொஞ்ச நேரம் விட்டு, திரும்பப் போட்டாள். வயரை மாற்றினாள், எதிர்வீட்டு மைமூன் லாத்தாவின் டிவியைக் கடன் வாங்கிவந்து சொருகிப் பார்த்தாள், அதுவும் இருட்டு. ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோனால், கடைக்காரன் மேசையில் வைத்த மாத்திரத்தில் படம் பளிச்சென்று வந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தால் சிக்னல் இல்லை. கரண்டு சரியில்லை என்றார் கஸ்பார். கண்ணு பட்டிருக்கும் என்றாள் மைமூன் லாத்தா. தெற்கு பார்த்து வைத்தது தப்பு என்றாள் சண்முகவடிவு. உப்புக்காற்று என்றார்கள் எல்லோரும், ஏனென்றால் அந்தக் காலனியில் ஜன்னல் கம்பியிலிருந்து மனுஷன் முழங்கால்வரை எது கெட்டாலும் உப்புக்காற்றுதான்.

அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வந்த நாள். ஆகையால் கட்டிடத்தில் உள்ள எல்லாத் துணியும் மாடிக்கொடியில் இருந்தது. ஆகையால்தான், கீழே ரெனிட்டா ஸ்விட்சைப் போட்டபோது, மேலே சண்முகவடிவு உதறி விரித்த நாலு முழ வேட்டியில் நீல நிறம் பரவி, வெள்ளை எழுத்துகள் தோன்றி நின்றன. சொட்டுநீலம் கூடிவிட்டது என்று முதலில் நினைத்தவள், நீலம் எழுதாது என்பது ஞாபகம் வந்து, இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த யூஜினாவைக் கூப்பிட்டாள்.

யூஜினா கையில் வாளியோடு நின்று வாசித்தாள். "எந்த பாஷை வேணும்னு கேக்கு."

"என்னத்துக்கு?"

"பேசத்தான். பின்ன, சண்டை போடவா?"

வியந்து நிற்க யாருக்கும் நேரம் இல்லை, தண்ணீர் நின்றுவிடும். துணியைக் காயப்போட்டு முடித்து, உலையை இறக்கி, சாப்பிட்டு, கண்ணயர்ந்து எழுந்த பிறகுதான், மானிட்டருக்கு வராத படம் ஈரத்துணிக்கு வருகிறது என்பதைக் காலனி தன் காரியங்களோடு காரியமாகச் சேர்த்துக்கொண்டது. சேர்த்துக்கொண்ட கையோடு அதற்குச் சட்டங்களும் வந்தன. கரை இல்லாத வெள்ளைதான் நல்லது. கட்டம் போட்ட லுங்கியில் படம் துண்டு துண்டாகும். பட்டில் ஏறவே ஏறாது. துணி காயக் காயப் படம் ஓரத்திலிருந்து உதிரும். நல்ல தண்ணீரைப் படத்துக்காகத் தெளிக்கக் கூடாது என்று அசோசியேஷனில் கஸ்பார் எழுந்து சொன்னார். அவர் சொன்னதில் நடந்த ஒரே காரியம் அதுதான். போர்வெல் தண்ணீரைத் தெளித்தார்கள், அது உப்பு, உப்பில் படம் இன்னும் துலக்கமாக வந்தது. கடைசியில் மைமூன் லாத்தாவின் இரட்டைப் படுக்கை விரிப்பு நிரந்தரமாகக் கொடிக்குப் போனது. அவள் தினமும் சாயங்கால அசர் தொழுகை முடித்து வந்து, பூச்செடிக்குத் தெளிக்கிற குவளையால் அதற்குத் தண்ணீர் தெளித்தாள்.

ஆனால் மவுஸும் கீபோர்டும் இரண்டாம் மாடியில், படம் நாலாம் மாடிக்கு மேலே. கையை ஆட்டுகிறவளுக்குக் கண் இல்லை. அதற்கும் வழி பிறந்தது. துறைமுகத்தில் கப்பலுக்கு வழிகாட்டும் படகில் இருந்து ஓய்வுபெற்ற தனசிங் மாமா, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு விரிப்புக்கு முன் அமர்ந்து, மாடிப்படி வழியாகக் கீழே குரல் கொடுக்கத் தொடங்கினார்.

"வலப்பக்கம் வா! வா, வா, வா... நில்லு! போயிட்டியே! ஏட்டி, கப்பலே இவ்வளவு வேகமாத் திரும்பாது, மெள்ள!"

"இங்கயா மாமா?"

"அங்கதான். அமுக்கு!"

அப்படி அமுக்கி அமுக்கி ஓர் அறை எழுந்தது. முதலில் நாலு கோடு, பிறகு சுவர், பிறகு சுவரில் பாதிவரை வெள்ளை ஓடு. தண்ணீர் தெளிக்க வந்தவர்கள் தங்கிப் பார்த்தார்கள், பார்த்தவர்கள் யோசனை சொன்னார்கள், யோசனைகள் மாடிப்படி இறங்கிப் போயின. பால் பொங்குகிற நேரமாக வை என்றாள் மைமூன் லாத்தா, பால் பொங்கியது. ஜன்னலில் காக்கா வேண்டும் என்று யாரோ சொல்ல, காக்கா வந்து உட்கார்ந்தது. சண்முகவடிவு வேட்டிச் சண்டையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நன்றாகப் பார்த்தாள்.

"யக்கா, இது ஒங்க அடுப்படில்லா?"

யூஜினா பார்த்தாள். மிக்ஸிக்குப் பக்கத்தில் விரிசல் விட்ட ஓடு. கைப்பிடி கழன்ற இடுக்கி. கரித்துணி தொங்குகிற ஆணி.

"எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் பத்தாது," என்றாள் சண்முகவடிவு. "அடுப்புக்குப் பொறத்தால இன்னும் கொஞ்சம் போடச் சொல்லுங்க."

"ஒன் வீட்டுலேர்ந்து ஒரு கை கொண்டாந்து அப்பச் சொல்லுதேன்," என்றாள் யூஜினா. ஆனால் அவள் கண் விரிப்பை விட்டு அகலவில்லை.

மறுநாள் அந்த அடுப்படியில் ஒரு பெண் வந்து நின்றாள். முதுகுதான் தெரிந்தது. நைட்டிமேல் துண்டு, கறிவேப்பிலைக் கட்டிலிருந்து உருவிய ரப்பர் பேண்டால் இறுக்கிய கொண்டை, வலது தோள் இடதைவிடக் கொஞ்சம் இறங்கியிருந்தது. யாரும் பெயர் சொல்லவில்லை. எல்லோரும் ஒருமுறை விரிப்பையும் ஒருமுறை யூஜினாவையும் பார்த்தார்கள். கண்ணாடி முன் எத்தனை முறை நின்றாலும் எவளும் தன் முதுகைப் பார்ப்பதில்லை. மற்றவர்கள்தான் அதைத் தினம் பார்க்கிறார்கள். ஒரு வார்த்தைக்கு மறுவார்த்தை பேசாத இந்தப் பெண், காதை அடைத்துக்கொண்டு சோறு தின்கிற இந்தப் பெண், எப்போது எங்கே நின்று இந்தத் தோளின் சரிவை அளந்தாள் என்று யூஜினாவுக்குப் புரியவில்லை. அவளுக்கே தெரியாமல் வலது தோளைத் தூக்கி நேராக்கிக்கொண்டாள். விரிப்பில் அது இறங்கியபடியே இருந்தது.

"ஆச்சு, முகத்தைக் காட்டச் சொல்லுங்க மாமா," என்றாள் மைமூன் லாத்தா.

"ஏட்டி ரெனி! முகம் எப்ப வரும்?"

பதிலுக்கு ரெனிட்டாவே படியேறி வந்தாள். காற்று விரிப்பை ஊதியது. அடுப்படி வயிறு பெருத்து, சுருங்கி, ஓய்ந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், தான் பெற்றதை ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறவள் மாதிரி.

"முகம் வராது மாமா. மூக்கு எங்க இருக்குன்னு நீங்க சொல்லலாம். கோவமா இருக்காளா, களைச்சுப்போய் இருக்காளா, சும்மா எதையாவது நெனச்சுக்கிட்டு நிக்காளான்னு... அதை நீங்க சொல்லி நான் வரைய முடியாது. நான் பாக்கணும்."

"கோவம்னு போட்டுரு, சோலி முடிஞ்சது," என்றார் தனசிங் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். யூஜினாவும் உதட்டைச் சுழித்துச் சிரிக்கப் பார்த்தாள். மகள் சிரிக்கவில்லை என்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டாள்.

வீட்டில் அச்சடித்த காகிதம் எதுவும் வாசிக்கப்படாமல் கிடந்தால் யூஜினாவுக்குக் கை அரிக்கும். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளைக்கூட வாசித்து டாக்டரோடு சண்டைக்குப் போகிறவள். அன்று மாலை, அட்டைப் பெட்டிகளுக்கு இடையில் கிடந்த பூட்டுமுறைப் புத்தகத்தை எடுத்து, அரிசி களையப் போட்டுவிட்டு, நின்றபடியே படித்தாள். கெட்டியான கான்வென்ட் இங்கிலீஷுக்கு அது நாலு பக்கத்து வேலை. கம்ப்யூட்டரின் முதுகுப்பக்கத்துப் படம் ஒன்று இருந்தது. மேல் வரிசையில் ஒரு துளை. கீழ் வரிசையில், படம் காட்டுவதற்கென்றே தனியாகப் போட்ட கார்டில், அதே மாதிரி இன்னொரு துளை. கீழே உள்ளதில்தான் வயரைச் சொருக வேண்டும். இந்த வகைப் பொறிக்கு மேல்துளை ஊமை.

அவள் புத்தகத்தை மூடிவிட்டு ரெனிட்டாவின் அறைக்குப் போனாள். மகள் குளித்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர், யூஜினா தைத்த உறையில் நின்றது. அந்த வீட்டில் மிக்ஸிக்கு உறை, பிரிட்ஜுக்கு உறை, கேஸ் சிலிண்டருக்குப் பாவாடை. உப்புக்காற்றில் எதையும் அம்மணமாக விடுவதில்லை என்பது அவளுடைய மதம். சிஸ்டர்மாரிடம் கற்ற தையலில் விசிறிக்கு வலை வைத்து, முன்பக்கத்தில் நீலப் பூ போட்டு, முதுகில் வயர் போக ஒரே ஒரு காஜா எடுத்து, பொத்தான்தையலால் அதன் விளிம்பைக் கட்டியிருந்தாள். காஜா நேராக மேல்துளைக்கு எதிரே இருந்தது. கீழ்வரிசை முழுவதும் கெட்டித்துணிக்குப் பின்னால். கடையில் உறையைக் கழற்றினால் படம் வருவதும், வீட்டில் மகள் ஒவ்வொரு முறை கழற்றிப் பூட்டியதும் தாய் கையோடு உறையை மாட்டிவிட்டு, வயரைக் காஜா வழியாக அது போகிற இடத்துக்கே அனுப்பியதும், இப்போது அவளுக்கு நூல் பிடித்தாற்போல் விளங்கியது.

உறையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். துளை இருந்தது. ஓரத்தைக் கீழே விட்டுவிட்டு, போய் அரிசியை உலையில் போட்டாள்.

வயரைக் கீழே மாற்றினால் படம் மானிட்டருக்கு வந்துவிடும். மானிட்டர் அறைக்குள் இருக்கிறது, அறை ரெனிட்டாவினுடையது. மொட்டைமாடி அப்படியல்ல, கொடியில் கிடக்கிற உள்பாவாடையை எடுக்கப் போகிற சாக்கில் எவ்வளவு நேரமும் நிற்கலாம். அடுத்தவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கக் கூடாது என்று சிஸ்டர் பெர்டில்லா ஸ்கேலால் அடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தார். விரிப்புக்குத் தோள் இல்லை. காபி ஆறுகிறவரைகூடப் பொறுக்காதவள், பஸ் வருகிறவரை நிற்காமல் அடுத்த ஸ்டாப்புக்கு நடக்கிறவள், இந்த ஒரு விஷயத்தில் பொறுத்தாள். முகம் வந்த பிறகு சொல்லலாம் என்று பொறுத்தாள். கண்ணால் பார்க்காமல் முகம் வராது என்று மகள் சொன்னது காதில் கிடந்தது. அதைக் காதிலேயே விட்டுவைத்தாள். தினம் சாயங்காலம் மாடிக்குப் போய், தனக்கு முதுகைக் காட்டி நிற்கும் தன்னைப் பார்த்தாள். பால் பொங்கியது, அந்தப் பெண் அடுப்பைக் குறைத்தாள், காக்கா பறந்தது, மறுபடி பால் பொங்கியது. ஒரு தடவையும் திரும்பவில்லை.

தேதி நெருங்க நெருங்கக் கீழேயிருந்து குரல் குறைந்தது. தனசிங் மாமா, "ஏட்டி, இருக்கியா?" என்று கேட்டால், வெகுநேரம் கழித்து ஒரு "ம்" வந்தது. சவேரியார் கோயிலில் கொடியேற்றிய அன்று இரவுச் சாப்பாட்டில் ரெனிட்டா ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "பேங்க் பரீட்சையே எழுதுதேன்மா," என்றாள்.

கஸ்பார் பேப்பரைத் தாழ்த்தினார். "நல்லதுதான்," என்றார்.

எத்தனை நாள் கத்தி, அழுது, நோன்பிருந்து, அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டும் கிடைக்காத அந்த ஒரு வாக்கியம் சாளைக்குழம்புக்கும் அப்பளத்துக்கும் நடுவில் தானாக வந்து விழுந்தபோது, யூஜினாவுக்குக் கிடைத்ததை வாயில் போட்டுக்கொள்ளத் தெரியவில்லை. மகளைப் பார்த்தாள். அவள் சோற்றில் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். வலது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது.

மறுநாள் காலை, மேலே மைமூன் லாத்தா தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கையில், யூஜினா மீன் வெட்டுகிற கத்தரிக்கோலோடு அறைக்குள் போனாள். ரெனிட்டா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கம்ப்யூட்டர் சும்மா இரைந்துகொண்டிருந்தது. தான் நாலு ராத்திரி உட்கார்ந்து தைத்த பொத்தான்தையலில் கத்தரியைக் கொடுத்து, காஜாவிலிருந்து அடிவரை ஒரே இழுப்பாகக் கிழித்தாள். வயரை மேலிருந்து பிடுங்கினாள். கீழே தடவி, துளையைக் கண்டு, சொருகினாள்.

மானிட்டர் ஒருமுறை கண் சிமிட்டியது. பால் பொங்கியது.

மேலேயிருந்து மைமூன் லாத்தாவின் குரல் மாடிப்படியெல்லாம் இறங்கி வந்தது. "யூஜினா! ஏ யூஜினா! போச்சே! தெளிக்கத் தெளிக்க வரமாட்டேங்குதே!" அவளுக்குப் பின்னால் தனசிங் மாமா, "ஏட்டி, இடப்பக்கம் வந்து பாரு! வலப்பக்கம்!" என்று வெறும் துணியைப் பார்த்து வழிகாட்டிக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலி நகரும் சத்தம். பிறகு யார் யாரோ படியிறங்கும் சத்தம். அன்று மத்தியானத்துக்குள் கொடியில் பழையபடி லுங்கிகளும் பள்ளிக்கூட யூனிஃபார்ம்களும் ஏறிவிட்டன.

ரெனிட்டா எழுந்து உட்கார்ந்திருந்தாள். மானிட்டரைப் பார்த்தாள், கிழிந்த உறையைப் பார்த்தாள், கத்தரிக்கோலைப் பார்த்தாள்.

"இந்தத் துளைதான்னு ஒனக்கு எப்பத் தெரியும்?"

"தெரியும்."

"எப்பன்னு கேக்கேன்."

"கொஞ்ச நாளாத் தெரியும்," என்றாள் யூஜினா. இத்தனை சின்னப் பதிலை அவள் வாழ்நாளில் யாருக்கும் சொன்னதில்லை.

மகள் கத்துவாள் என்று நின்றாள். கத்தினால் திருப்பிக் கத்தலாம், அது பழகிய பாதை. ரெனிட்டா கத்தவில்லை. தாயின் முகத்தைப் பார்த்தாள். கண்ணை, கண்ணுக்குக் கீழே கறுத்த தோலை, மூக்குத்தியில்லாமல் தூர்ந்துபோன துளையை, கடித்துப் பிடித்த உதட்டை, துணி எடுக்கிறவள் கரையைத் தடவிப் பார்ப்பதுபோல நின்று நிதானமாகப் பார்த்தாள். இவ்வளவு நேரம் யாரும் தன்னைப் பார்த்ததில்லை என்று யூஜினாவுக்குத் தோன்றியது. என்ன முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல், இருந்த முகத்தோடு நின்றாள்.

பிறகு ரெனிட்டா நாற்காலியை இழுத்துப் போட்டு மானிட்டருக்கு எதிரே உட்கார்ந்தாள். மவுஸைப் பிடித்தாள். அடுப்படியில் நின்ற பெண்ணின் தோள் அசைவது ரெனிட்டாவின் காதோரமாக யூஜினாவுக்குத் தெரிந்தது. கொண்டை மெள்ளத் திரும்பத் தொடங்கியது. அதற்குள் ரெனிட்டா முன்னால் குனிந்துவிட, அவள் தலை மானிட்டரை முழுக்க மறைத்துக்கொண்டது.

யூஜினா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தாள், அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தாள். கையில் இன்னும் கத்தரிக்கோல் இருந்தது.

"கொஞ்சம் தள்ளி உக்காரு, மக்கா," என்றாள்.